பேண்டு வாத்தியார் பாபா அலாவுதீன் கான்

1952ஆம் ஆண்டில் நம் குடியரசு இசைவாணர்களுக்கு முதன்முதலாக விருதளித்துப் போற்றியது. பின்னாளில் சங்கீத நாடக அகாதமி விருது என வழங்கப்படலான அந்த நெடிய வரிசையின் தலைப்பில் நால்வர் பெயர்கள் நிற்கின்றன. வாய்ப்பாட்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும் முஷ்தாக் உசேன் கானும். வாத்தியத்தில் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் அலாவுதீன் கானும். நால்வருள் இருவர் பெயருக்கு முன்னே நம் ஊரும் நம் பக்கத்து ஊரும் நிற்பதைச் சொல்லி மகிழ்வது காரைக்குடிக்காரர் வழக்கம். அது நியாயமான மகிழ்ச்சிதான். ஆயினும் சாம்பசிவ ஐயருக்கு இணையாக வடபுலத்து வாத்திய இசைக்கென்று தேர்ந்தெடுக்கப்பெற்ற அந்தப் பெரியவரைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. ரவிசங்கரின் குருநாதர், அவருக்குப் பெண் கொடுத்தவர் என்ற அளவில் அவரை நிறுத்திக் கொண்டோம்.

அவர் மேதைகளை உருவாக்கிய ஆசான் என்பது உண்மை. அதற்கு முன்னரே அவர் வேறொரு பள்ளிக்கும் வாத்தியாராக இருந்தார். தாய் தந்தையரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த, எழுத்து வாசனை அறியாத சிறுவர் சிறுமியரைக் கூட்டி, ஒரு சிற்றரசின் செலவில் பேண்டு அமைத்து, அதைப் பல்லாண்டுகள் நடத்தினார். இக்கட்டுரை அந்தப் பேண்டு வாத்தியாரைப் பற்றியது. ரவிசங்கர் இதில் இடையில் வந்து போவார்.

வங்கத்தின் கீழ்ப்பகுதியில், இன்றைய வங்காளதேசத்துப் பிராமண்பாரியா வட்டாரத்தில் சிவ்பூர் என்பது சிற்றூர். அலாவுதீன் பிறந்தது அங்கே. பிறந்த ஆண்டு 1862 என்பது வழிவழிச் செய்தி. 1881 என்று கணக்கிடுவோரும் உளர். 1972இல் மறைந்தவருக்கு முதற் கணக்கின்படி நூற்றுப்பத்து வயது ஆகிறது. மகன் அலி அக்பர் 1922இல் பிறந்தார் என்பதையும், கீழே வரவிருக்கும் வேறு சில நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவது கணக்கே பொருந்துவதாகத் தோன்றுகிறது. பெரியவர்களின் வயதைக் கூட்டிச் சொல்வதில் நம் நாட்டில் வடக்கென்றும் தெற்கென்றும் வேற்றுமை இல்லை.

தந்தையார் உழவர், சிதார் பயின்றவர். தமையன் அஃப்தாபுதீன் புல்லாங்குழலில் தேர்ந்தவர். இஸ்லாமியராயினும் காளி பக்தர். இவ்வாறு வீடே இசைவீடாக இருந்தும், பள்ளிக்கு அனுப்பப்பட்ட பையன் பள்ளிக்குப் போகாமல் கோயில் வாசலில் சாதுக்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். அடி விழுந்தது. பத்து வயதளவில் வீட்டை விட்டு ஓடினான். நாடோடி நாடகக் குழுவொன்றுடன் சில காலம் அலைந்து, பின் கல்கத்தா போய்ச் சேர்ந்தான். கங்கைக் கரையின் படித்துறையில் உறக்கம். அன்னசத்திரத்தில் ஒருவேளைச் சோறு. காசியிலும் பிற தலங்களிலும் சத்திரம் கட்டிச் சோறிட்ட மரபினர் வாழும் ஊரில் இதனைச் சொல்லும்போது ஒன்று தோன்றுகிறது. பந்தியில் உட்காரும் பையன்களில் எவன் என்ன ஆவான் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரிய வழியில்லை.

அந்நாளில் கல்கத்தாவில் புகழ் பெற்றிருந்த பாடகர் நூலோ கோபால் என்பவரிடம் பையன் சேர்ந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் சுரப் பயிற்சி மட்டுமே, அதற்கு உடன்பட்டால்தான் கற்பித்தல் என்பது ஆசிரியரின் நிபந்தனை. பையன் உடன்பட்டான். ஏழாண்டுகள் சரளியும் அலங்காரமும் போன்ற அப்பியாசங்கள்தாம். எட்டாம் ஆண்டு வருவதற்குள் கல்கத்தாவில் பிளேக் நோய் புகுந்து ஆசிரியரைக் கொண்டுபோயிற்று. பிளேக் அந்நகரில் நுழைந்தது 1898இல். 1881இல் பிறந்தார் என்ற கணக்கோடு இது ஒத்துப்போவதைக் காணலாம். குருவை இழந்த இளைஞர், இனி வாய்ப்பாட்டு இல்லையென்று முடிவு செய்து வாத்தியங்களின் பக்கம் திரும்பினார்.

விவேகானந்தரின் உறவினரான அமிர்தலால் தத்தர் என்னும் ஹபு தத்தர், கல்கத்தா நாடக அரங்குகளில் இசையமைத்து வந்தவர். அவரிடம் கிளாரினெட் முதலிய பல கருவிகளின் அறிமுகம் அலாவுதீனுக்குக் கிடைத்தது. கோவாவைச் சேர்ந்த லோபோ என்ற பேண்டு மாஸ்டரிடம் மேனாட்டு முறையில் வயலினும், அவர்களது சுர எழுத்து முறையும் பயின்றார். ஹசாரி உஸ்தாத் என்பவரிடம் ஷெனாய். தோற்கருவிகளுக்கு வேறு ஆசிரியர். மினர்வா நாடக அரங்கில் இந்துப் பெயர் ஒன்றைப் பூண்டு கிரீஷ் சந்திர கோஷின் நாடகங்களுக்கு வாசித்து வயிறு வளர்த்தார்.

கோவாக்கார பேண்டு மாஸ்டர் என்பவர் அக்காலத்து இந்திய இசையுலகில் முக்கியமான மனிதர். வெள்ளையர் படைகளோடு வந்த ஊதுகுழல் பேண்டு, சிறிது சிறிதாக அரசர்களின் அரண்மனைகளுக்கும் பிறகு தெருக்களுக்கும் இறங்கியபோது அதைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் இவர்களும், ஓய்வு பெற்ற படைவாத்தியக்காரர்களுமே. நம் தென்னாட்டில் இக்கதை இன்னும் முந்தியது. தஞ்சையில் சரபோஜி மன்னர் மேனாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். அவை நோட்டுசுவரம் என்ற பெயரில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தரப்படுகின்றன. கிளாரினெட் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள் புகுந்துவிட்டது. நம் பக்கத்து மாப்பிள்ளை அழைப்பில் நாகசுர மேளத்துக்குப் பின்னே சரிகை வைத்த சிவப்புச் சட்டையுடன் பேண்டுக்காரர்கள் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதைத் தாழ்வாக நினைத்தும் வந்திருக்கிறோம். மேளம் சங்கீதம், பேண்டு சத்தம் என்று ஒரு பாகுபாடு நம் மனத்தில் உண்டு. அலாவுதீனிடம் அந்தப் பாகுபாடு கடைசி வரையில் இல்லை. நாடகக் கொட்டகையின் கிளாரினெட்டும் அவருக்குச் சங்கீதமே.

அடுத்து வந்த சரோத் மோகம் அவர் வாழ்வைத் திருப்பிற்று. முக்தாகாச்சா ஜமீன்தாரின் அவையில் அகமது அலி கானின் சரோத்தைக் கேட்டு அவருக்கு அடிமையானார். சமையல் உள்ளிட்ட சகல ஊழியமும் செய்து கற்றார். பிறகு அவருடன் ராம்பூர் சென்றார். அங்கேதான் வஜீர் கான் இருந்தார். தான்சேனின் வழிவந்தவர் என்று போற்றப்பட்ட வீணைக்காரர். ராம்பூர் நவாப் ஹமீத் அலி கானுக்கே குரு. வாயிற்காவலர் ஊர் பேர் தெரியாத வங்காளியை உள்ளே விடவில்லை. நாள்கள் போயின. மனமுடைந்த அலாவுதீன், உயிரை விடவும் துணிந்த நிலையில், நவாபின் வண்டி வரும் வழியில் போய் விழுந்தார். நவாப் விசாரித்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தாமே பரிந்துரைத்ததன் பேரில் வஜீர் கான் அவரைச் சீடராக ஏற்றுக் கையில் நூல் கட்டினார். கட்டியதோடு சரி. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஒரு பாடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும். இடையில் ஊர் திரும்பியபோது அலாவுதீனுக்கு உறவினர்கள் திருமணம் செய்து வைத்திருந்தனர். மணமகள் சிறுமி, பெயர் மதன் மஞ்சரி. மணமான இரவே மணமகன் கல்கத்தாவுக்கு ஓடிவிட்டார். ஆண்டுகள் பல கடந்தன. கணவன் எங்கோ இசை கற்கிறான் என்ற செய்தி ஒன்றே அவளுக்கு வாழ்வு. ஒருநாள் அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். காப்பாற்றப்பட்டாள். இச்செய்தி ராம்பூரில் வஜீர் கானின் காதுக்கு எட்டியபோதுதான், தம் வாசலில் காத்துக் கிடக்கும் மனிதன் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பது அவருக்கு உறைத்தது என்பர். அதன் பின் பாடம் தொடங்கிற்று. அலாவுதீனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதனை அவரது தவத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அப்படிக் கடந்துபோக இயலவில்லை. அந்தக் கல்விக்கு விலை கொடுத்தவள் அவள். பிற்காலத்தில் தாம் இயற்றிய இராகம் ஒன்றுக்கு மதன்மஞ்சரி என்று அவர் பெயரிட்டார். மைஹரில் தம் இல்லத்துக்கும் மனைவியை நினைவுகூரும் வகையில் மதீனா பவன் என்று பெயர் வைத்தார். பட்ட கடன் அவருக்கும் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும்.

வஜீர் கான் சொல்லித் தந்ததிலும் ஒரு வரம்பு இருந்தது. வீணையை, அதாவது வடநாட்டார் பீன் என்று சொல்லும் ருத்ர வீணையை, தம் குலத்தாருக்கன்றிப் பிறருக்குக் கற்பிக்க அவர் இசையவில்லை. அதன் நுட்பங்களைச் சரோத்தில் ஏற்றிக்கொள்ளத்தான் அனுமதி. மூத்த மகனை இழந்த துயரத்தின் பின்னரே, எஞ்சியிருந்தவற்றையும் அலாவுதீனுக்கு அவர் திறந்து கொடுத்தார் என்பர். வித்தை குடும்பச் சொத்து. சாவியைக் கையோடு வைத்திருப்பது குலதர்மம். அந்தக் காலத்துப் பெரிய உஸ்தாதுகள் பெரும்பாலோர் இப்படித்தான் இருந்தனர். நம் பக்கத்திலும் சீட்டுக்கவி முதல் சித்த மருந்து வரை ஏடுகள் செல்லரித்துப் போனதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றவர் அதை எவ்வளவு இறுகப் பூட்டி வைத்திருக்க வேண்டும்! அவர் செய்ததோ நேர்மாறானது.

மத்திய இந்தியாவில், சத்னாவுக்கு அருகில், மைஹர் ஒரு சின்னஞ்சிறு சமஸ்தானம். குன்றின்மேல் சாரதா தேவி கோயில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அரசர் பிரிஜ்நாத் சிங் இசையார்வம் மிக்கவர். அவருக்கு ஆசிரியராக 1918ஆம் ஆண்டளவில் அலாவுதீன் அங்கே சென்றார். இஸ்லாமியரான அவர் ஐவேளைத் தொழுகையும் தவறாமல், சாரதா தேவியையும் தாயாகப் போற்றி, எஞ்சிய அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாழ்வை அவ்வூரிலேயே கழித்தார்.

அவர் போய்ச் சேர்ந்த காலம் மிகக் கொடிய காலம். 1918இன் விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மத்திய இந்தியச் சிற்றூர்களும் தப்பவில்லை. மைஹரில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் தெருவில் திரிந்தனர். அவர்களுக்குச் சோறும் கூரையும் அரசு தந்தது. அவர்களுக்கு இசை கற்பிக்க வேண்டும் என்று அலாவுதீன் முன்வந்தார். மைஹர் பேண்டு பிறந்தது இப்படித்தான். கொள்ளைநோயில் ஆசிரியரை இழந்த ஒருவரிடம் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவர்கள் மாணவர்களாக வந்து சேர்ந்தார்கள்.

பேண்டு என்ற பெயரைக் கேட்டு ஊதுகுழல்களும் பெருமுரசும் மட்டுமே என எண்ணிவிடக் கூடாது. அது ஒரு கலவை. சிதார், சரோத், எஸ்ராஜ், வயலின், ஆர்மோனியம், தபலா. இவற்றோடு தாமே செய்துகொண்ட கருவிகளும் உண்டு. வில் கொண்டு வாசிக்கும் சந்திரசாரங், சிதாரையும் பாஞ்சோவையும் இணைத்த ஒரு புதுக்கருவி ஆகியன அவற்றுள் சில. எல்லாவற்றினும் வியப்பானது நல்தரங். அரண்மனை ஆயுதக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த பழைய துப்பாக்கிகளின் குழல்களை வாங்கி, சுரத்துக்கொரு நீளமாக அறுத்து, வரிசையாகப் பரப்பி, குச்சிகளால் தட்டி வாசிக்குமாறு அமைத்தார். குழல் நீளமாயின் சுரம் தாழும், குறுகினால் ஏறும். ஜலதரங்கத்தில் கிண்ணத்துத் தண்ணீர் செய்யும் வேலையை இங்கே அரம் செய்தது. கருவி செய்வதில் அவருடைய இளைய சகோதரர் ஆயத் அலி கானும் வல்லவர். பேண்டு மாஸ்டரிடம் பயின்ற காதும், வீணைக்காரரிடம் பயின்ற காதும் ஒரே மனிதரிடம் இருந்ததால் இது கூடிற்று.

கற்பித்த முறை எளிதானது, கடினமானதும்கூட. எழுத்தறியாத பிள்ளைகளுக்குச் சுரத்தாள் பயன்படாது. வாயால் பாடிக் காட்டி, பாடவைத்து, பிறகு கருவியில் எடுக்கவைத்தார். இன்ன பிள்ளைக்கு இன்ன கருவி என்பதை அவரே தேர்ந்தார். அத்தனை கருவிகளையும் அவரே வாசிக்க வல்லவராதலால் எந்தப் பிள்ளையும் ஆசிரியருக்குத் தெரியாத வாத்தியத்தோடு தனித்து நிற்க நேரவில்லை. இந்த வகையில் நம் பள்ளிக்கூடங்களின் பேண்டு வாத்தியார்களை அவர் ஒத்திருக்கிறார். அவர்களும் கார்னெட்டையும் டிரம்மையும் தாமே வாசித்துக் காட்டித்தான் பிள்ளைகளை அணிவகுத்து நிற்க வைக்கிறார்கள்.

இசையமைப்பில் அவர் எதிர்கொண்ட சிக்கலைக் கவிஞர்கள் விரைவில் உணர்வர். மேனாட்டு பேண்டில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கும். அந்த அடுக்கே அதன் அழகு. நம் இராகம் ஒற்றைக் கோட்டில் நடப்பது. நெளிவும் சுளிவும் கமகமும் ஒருவர் கையில், ஒருவர் மனோதர்மத்தில் பிறப்பவை. அதை முப்பது கைகளிடம் கொடுத்தால் ஒன்று இராகம் கெடும், அல்லது கூட்டம் கெடும். அலாவுதீன் இராகத்தின் கோட்டை மாற்றவில்லை. அதனை மேல்தாயி, கீழ்தாயி என்று கருவிகளுக்குப் பகிர்ந்தார். ஒரு குழு கேட்க ஒரு குழு விடை சொல்வது போல மாற்றி மாற்றி நிறுத்தினார். தாளக் கட்டுக்குள் எல்லாரையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார். கீர்த்தனம் போல முன்னரே அமைத்த உருப்படிகள், நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவியவையும் உண்டு. ஆலாபனையின் ஆழம் இதில் வராது. அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இரவெல்லாம் தனித்திருந்து சரோத்தில் ஆலாபனை செய்தவரல்லவா. பேண்டை மெல்லிசை என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. ஒரு தெருப்பிள்ளை ஓராண்டுப் பயிற்சியில் சுத்தமான இராகத்துக்குள் தன் பங்கு இரண்டு சுரங்களோடு நின்று வாசிப்பதை எந்தத் தராசில் நிறுப்பது என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

ராம்பூரில் குலத்தைக் கேட்ட வித்தை மைஹரில் குலம் கேட்கவில்லை. தான்சேன் வழியின் இராகங்கள், தாய் தந்தை யாரென்றே கூறமுடியாத பிள்ளைகளின் கைகளுக்குச் சென்றன.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தை மறைத்தால் முறையாகாது. அவர் கொடுமையான ஆசிரியர். சுருதி கருவியில் சேராவிட்டால் கையில் இருப்பது பறக்கும். அரசரே தவறு செய்தபோது தபலாச் சுத்தியல் அவர் மீதும் பாய்ந்தது என்றொரு கதை மைஹரில் வழங்குகிறது. மகன் அலி அக்பரை மரத்தில் கட்டி அடித்திருக்கிறார். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் சாதகம் செய்ய வைத்தார். இசைக்காக வீட்டை விட்டு ஓடியவரின் மகன், இசைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினான் என்பது அக்குடும்பத்தின் வரலாற்றில் உள்ள செய்தி. பின்னர் திரும்பி வந்து உலகம் மெச்சும் சரோத் கலைஞரானார் என்பதைக் கொண்டு அடித்ததை நியாயப்படுத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அடிபட்டு ஓடித் திரும்பாத பிள்ளைகளின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் ஏறுவதில்லை. பிரம்பைப் புகழ்ந்து நம்மில் சிலர் கவிதை எழுதியிருப்பதும் நினைவுக்கு வருகிறது.

அதே மனிதர் பாடவேளை கழிந்தபின் வேறு ஆளாகிவிடுவார். தாமே சந்தைக்குப் போய்க் காய் வாங்குவார், தோட்டம் கொத்துவார், மாணவர்களை அருகிருத்திச் சோறு ஊட்டுவார். கற்பிப்பதற்குக் காசு வாங்குவதில் அவருக்கு விருப்பமில்லை.

மகள்களின் கதையில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. மூத்தவர் ஜகனாராவுக்கு இசை கற்பித்து மணமுடித்து அனுப்பினார். புகுந்த வீட்டில் இசை ஆகாது. அவளுடைய தம்பூராவைத் தீயிலிட்டனர் என்பர். அவள் மனம் நைந்து திரும்பி வந்து விரைவில் மறைந்தாள். அன்று முதல் இளைய மகளுக்கு இசை கற்பிப்பதில்லை என்று தந்தை உறுதி பூண்டார். 1927இல் பௌர்ணமியன்று பிறந்த அக்குழந்தைக்கு அன்னபூர்ணா என்று பெயரிட்டவர் மைஹர் அரசர். ஒருநாள் அலாவுதீன் சந்தையிலிருந்து வீடு திரும்பும்போது, அண்ணன் வாசிப்பில் நேர்ந்த பிழையைத் தங்கை பாடித் திருத்திக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் போலும், இத்தனை நாளும். உறுதி அன்றே உடைந்தது. முதலில் சிதார், பின்பு சுர்பகார் என்று அவளுக்குப் பாடம் தொடங்கினார். அன்னபூர்ணா தேவி பொதுமேடையை விட்டு விலகி, 2018இல் மறையும் வரையில் வீட்டுக்குள்ளிருந்தே கற்பித்தார். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் அவரிடம் பாடம் கேட்டது.

1935இல் உதயசங்கரின் நாட்டியக் குழுவோடு அலாவுதீன் ஐரோப்பா சென்றார். அந்தக் குழுவில் பதினைந்து வயதுப் பையன் ரவிசங்கர். பாரிஸ் நாகரிகத்தில் வளர்ந்த பையன் 1938இல் தலையை மழித்துக்கொண்டு மைஹருக்கு வந்து, பூச்சிகள் நிறைந்த அறையில் கயிற்றுக்கட்டிலில் படுத்துக் கற்றான். 1941இல் அவருக்கும் அன்னபூர்ணாவுக்கும் மணம் நடந்தது. இவையெல்லாம் பலரும் எழுதியவை.

பேண்டு வாத்தியாரின் கை வேறெங்கெல்லாம் தெரிகிறது என்று பார்ப்பது சுவையானது. அவருடைய முதல் மாணவர்களில் ஒருவரான திமிர் வரன் மைஹரிலிருந்து கல்கத்தா திரும்பிப் பல்லியக் குழு அமைத்தார்; உதயசங்கரின் நாட்டியத்துக்கும், பிறகு திரைப்படங்களுக்கும் அந்தக் குழுவிசை சென்றது. சுதந்திரத்துக்குப் பின் அகில இந்திய வானொலி தில்லியில் வாத்திய விருந்தா என்ற பேரிசைக் குழுவை நிறுவியபோது அதை நடத்தியவர்கள் ரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராம ஐயரும். வடக்கும் தெற்கும் ஒரே குழுவில் அமர்ந்து வாசித்த நாள்கள் அவை. ரவிசங்கருக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்தவர் பன்னாலால் கோஷ். நாட்டுப்புறத்துச் சிறு குழலை நீண்ட மூங்கிலாக்கிக் கச்சேரி மேடையில் அமர்த்தியவர் அவரே. பெயர் பெற்ற பிறகு, 1947இல், மைஹர் சென்று அலாவுதீனிடம் மாணவராகச் சேர்ந்தவர். ஆக, வானொலியில் நாம் கேட்டு வளர்ந்த குழுவிசையின் வேர்களில் ஒன்று, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பேண்டில் இருக்கிறது. இதை வானொலிக்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

சமஸ்தானங்கள் ஒழிந்தபின் அரண்மனைச் செலவில் நடந்த குழுக்கள் நாடெங்கும் கலைந்தன. மைஹர் பேண்டு தப்பியது. பின்னர் மாநில அரசின் ஆதரவுக்குள் வந்தது. 1955இல் மைஹரில் இசைக்கல்லூரி எழுந்தது. பட்டங்களும் வந்தன: 1954இல் அகாதமியின் உறுப்பாண்மை, 1958இல் பத்மபூஷண், 1971இல் பத்மவிபூஷண். அவர் இவற்றில் பெருமகிழ்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. தம்மைக் கற்றுக்குட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஓரளவு நடிப்பும் இருந்திருக்கலாம். ஆனால் நரம்புக் கருவிகளை இடக்கையால் மீட்டிய அம்மனிதர் தள்ளாத வயதிலும் விடியுமுன் எழுந்து சாதகம் செய்ததற்கு நேரில் கண்டவர்கள் பலர் சாட்சி. வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்த நம் சுப்பராம ஐயரும் இடக்கைச் சரோத்காரரும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தால் அது காணத்தக்க காட்சியாக இருந்திருக்கும். அது நிகழவில்லை. இளையவர் சாம்பசிவ ஐயர் தம் இறுதிக் காலத்தில் கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக இருந்து 1958இல் மறைந்தார். விருது பெற்ற நால்வருள் வாத்தியக்காரர் இருவருமே முதுமையில் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டிருந்தனர்.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அலாவுதீன் கான் மைஹரில் காலமானார். மதீனா பவன் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆண்டுதோறும் அவர் பெயரால் அவ்வூரில் இசைவிழா நடக்கிறது. முதல் பேண்டில் வாசித்த பிள்ளைகளில் எவரும் இன்றில்லை. அவர்கள் சொல்லிக் கொடுத்தவர்களும், அவர்களிடம் கற்றவர்களுமாக அந்தக் குழு தொடர்ந்து, துப்பாக்கிக் குழல்களின் வரிசைக்கு முன்னே இரண்டு குச்சிகளோடு ஒருவர் உட்கார, பாபா அமைத்துத் தந்த உருப்படிகளை வாசித்து வருகிறது.